குறட்டை விசில்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் பூவலிங்கம். அவனுக்குப் பிறகு செய்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி இப்போது பேச்சில்லை.

நானும் அவனும் திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் வேலை பார்த்தோம். அவன் டிரைவர். நான் கண்டக்டர். எங்கள் பஸ் தொழிலாளர் சங்கத்துக்கு வருடா வருடம் ஆண்டு விழா நடக்கும். ஒரு வருடம் அந்த மேடையில் நான் ஒரு சிரிப்புக் காட்சி செய்தேன்.

கண்டக்டர் வாயில் விசிலை வைத்தபடி நின்றுகொண்டே தூங்கிவிடுகிறான். குறட்டை விடுகிறான். குறட்டை விசிலாக வருகிறது. ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் புறப்பட வேண்டும். முன்னால் இருக்கிற டிரைவருக்கு என்ன தெரியும்? ஒற்றைக் குறட்டைக்கு நிறுத்துகிறான். இரட்டைக் குறட்டைக்கு எடுக்கிறான். பயணிகள் முன்னால் விழுகிறார்கள், பின்னால் விழுகிறார்கள். கண்டக்டர் தூங்கிக்கொண்டே மிச்சச் சில்லறை கொடுக்கிறான்.

அதில் டிரைவராக நடித்தவன் பூவலிங்கம். கையில் ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு தாம்பாளம்.

பிறகு அவன் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனான். டிவி நிகழ்ச்சி ஒன்றில் அதே காட்சியைச் செய்தான். இந்த முறை கண்டக்டர் அவன். ஊர் உலகமெல்லாம் சிரித்தது. 'விசில் பூவலிங்கம்' என்று பெயரே வந்துவிட்டது. எங்கள் பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே பேனர் வைத்தார்கள். இந்த யோசனை எப்படி வந்தது என்று பேட்டியில் ஒரு பெண் கேட்டாள்.

"தானா வந்துச்சும்மா" என்றான்.

தானாக ஒன்றும் வரவில்லை. அவன் தாம்பாளத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று குறட்டை விட்டவன் நான்.

அவனிடம் எனக்கு வர வேண்டியது ஒரே ஒரு வரிதான். 'அது ஆவுடையப்பன் செஞ்சது.' நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அவன் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமலேயே அவனுக்கும் தலை நரைத்துவிட்டது, எனக்கும் நரைத்துவிட்டது.

இந்த நிலையில் சங்கத்தின் பொன்விழா வந்தது. சிறப்பு விருந்தினராக யாரை அழைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

விழாவில் உறுப்பினர்கள் பாடலாம், ஆடலாம், குறும்படம்கூடப் போடலாம் என்று அறிவித்தார்கள். குறும்படம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பான். திரையில் ஒரு திருடன் வருவான். மண்டபமே அவனைப் பார்த்துச் சிரிக்கும். அப்புறம் அவன் அந்த வரியைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. விசாரித்ததில், பாளையங்கோட்டையில் ரெஜினா என்று ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார்கள். சென்னையில் பல வருடம் சிரிப்புப் படங்களை வெட்டி ஒட்டியவர். இப்போது ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டு, கேட்டு வருகிறவர்களுக்குப் படம் எடுக்கவும் கற்றுக்கொடுக்கிறார்.

போனேன். கதையைச் சொன்னேன். பூவலிங்கத்தின் கதையையும் சேர்த்துத்தான். அவர் திரையில் எதையோ வெட்டிக்கொண்டே கேட்டார்.

"எடுக்கலாம் அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி கொஞ்சம் படம் பாக்கணும்."

"என்ன படம் டீச்சர்?"

"டீச்சர்னு கூப்பிடாதீங்க. எனக்கு உங்க மக வயசு."

"சரி டீச்சர். என்ன படம்?"

"சிரிப்புப் படம். பழசு, புதுசு, நம்ம ஊரு, வெளியூரு. யார் யார் எப்படி எடுத்திருக்காங்கன்னு பாத்து எடுத்துக்கிடணும்."

நான் செருப்பைத் தேடினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பாத்து எடுத்துக்கிடுததுக்கு எங்க ஊர்ல வேற பேரு. எங்கிட்ட ஒருத்தன் அப்படித்தான் பாத்து எடுத்துக்கிட்டான். அவனைத் திருடன்னு சொல்லிப் படம் எடுக்க வந்திருக்கேன். நானே திருடிட்டு எடுக்கவா?"

ரெஜினா கோபப்படவில்லை. நாற்காலியைத் திருப்பினார்.

"விசில் வச்சிருக்கீங்களா?"

சட்டைப்பையில்தான் இருந்தது. எப்போதும் இருக்கும்.

"ஒரு தடவை ஊதுங்க."

ஊதினேன்.

"இப்ப வண்டி?"

"நிக்கும்."

"ரெண்டு தடவை ஊதினா?"

"எடுக்கும்."

"இதை யார்கிட்ட திருடினீங்க?"

"இதுல என்ன திருட்டு? எல்லாக் கண்டக்டருக்கும் இதுதான். எனக்கு முந்தி இருந்தவருக்கும் இதுதான். இது தெரியலேன்னா வண்டியில ஏறவே முடியாது."

ரெஜினா ரிமோட்டை எடுத்தார். டிவியைப் போட்டார்.

நான் செருப்பைக் கழற்றினேன்.

*

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொல்லியிருந்தார். ஏன் என்று மறுநாள் தெரிந்தது. கீழே தையல் கடையில் வேலை செய்கிற பெண்கள் தூக்குவாளியோடு மாடிக்கு வந்து, அந்த டிவி முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அவர்களில் மாரிக்கனி என்பவளுக்கு வாய் பெரிது.

"எக்கா, இது யாரு புது ஆளு?"

"படம் எடுக்க வந்திருக்காங்க."

"ஹீரோவா?"

"டைரக்டர்."

மாரிக்கனி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "அப்ப ஹீரோவுக்கு வயசு என்ன இருக்கும்!" என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் பெயரை நான் மனதில் எழுதிக்கொண்டேன்.

நான் டிவியைப் பார்த்து உட்காரப் போனேன். ரெஜினா என் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். என் முதுகு டிவிக்கு. முகம் அந்தப் பெண்களுக்கு.

"படம் பாக்கச் சொன்னீங்களே?"

"படத்தை அவங்க பாக்கட்டும். நீங்க அவங்களைப் பாருங்க. சிரிச்ச உடனே ஒரு விசில் ஊதுங்க."

படம் ஓடியது. எனக்குப் பின்னால் யாரோ எதன் மீதோ மோதுகிற சத்தம் கேட்டது. பெண்கள் வாயில் சோறோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் ஓய்ந்தது. சிரிப்பு வரவில்லை. பிறகு மாரிக்கனி கொள்ளென்று சிரித்தாள். நான் விசில் ஊதினேன். ரெஜினா படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தினார்.

"இப்பத் திரும்பிப் பாருங்க."

பார்த்தேன். மோதி விழுந்தவன் திரையில் இல்லை. ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆள் இருந்தான். அவன் தேநீர்க் குவளையைப் பாதியில் நிறுத்தியிருந்தான்.

"விழுந்தவனைக் காணோம்?"

"ஆமா."

"இவன் ஒண்ணும் செய்யலையே."

"ஆமா."

"அப்ப எதுக்குச் சிரிச்சாங்க?"

ரெஜினா படத்தை ஓடவிட்டார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லாதவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அடுத்த நாளும் போனேன்.

இப்படிப் பல நாள் முதுகைக் காட்டிப் படம் பார்த்தேன். விசில் ஊதி ஊதித் திரும்பினேன். கீழே தையல் கடைக்குத் துணி கொடுக்க வந்தவர்கள், மேலே என்ன பஸ் ஓடுகிறதா என்று கேட்டார்களாம்.

ஒரு நாள் ஒரு காட்சிக்குப் பெண்கள் இருமி இருமிச் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் ஒருவன் ஏணி உச்சியில் இரண்டு கையாலும் பானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழே அவன் சாப்பாட்டை ஆடு தின்கிற சத்தம் கேட்கிறது. ஆட்டைக் காட்டவில்லை. கையை விட்டால் பானை போய்விடும். அவன் முகம் மட்டும்தான். கேமரா அவனை விட்டு நகரவே இல்லை.

"ஆட்டைக் காட்டியிருக்கலாமே டீச்சர்" என்றேன்.

"ஆட்டுக்கு என்ன அண்ணாச்சி கஷ்டம்?" என்றார்.

*

நான் படம் எடுத்தேன். என் மச்சினன் தளவாய் பூவலிங்கமாக நடித்தான். ரெஜினா தன் கேமராவைக் கொடுத்தார். எங்கே வைக்க வேண்டும் என்று நான் சொன்ன இடத்திலேயே வைத்தார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

பார்த்த படங்களில் இருந்ததையெல்லாம் அதில் போட்டேன். தளவாய் வேகமாக ஓடினான். வழுக்கி விழுந்தான். விழும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வைத்தேன். சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டு என் குறட்டையைக் கவனித்தான். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விட்டுப் பழகினான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திருட்டு முழி முழித்தான். வியர்த்தான். எச்சில் விழுங்கினான். அவன் முகத்தை எவ்வளவு பக்கத்தில் காட்ட முடியுமோ அவ்வளவு பக்கத்தில் காட்டினேன். அந்த முழி மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்.

நானும் அதில் வந்தேன். நல்லவனாக. ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு.

மதியம் பெண்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். விசில் வாயில் தயாராக இருந்தது.

அவர்கள் சிரித்தார்கள். நான் ஊதினேன். மறுபடி சிரித்தார்கள். மறுபடி ஊதினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு பார்த்தால், மாரிக்கனி சாப்பாட்டை மறந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, மாட்டிக்கிடாதல! பின்னாடிப் போயி ஒளி!" என்றாள்.

தளவாய் தப்பித்தபோது அவர்கள் கை தட்டினார்கள். கடைசியில் அவன் மாட்டிக்கொண்டு எல்லோரிடமும் அடி வாங்கினான். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"பாவம் அந்த மனுசன்" என்றாள் மாரிக்கனி. "எவ்வளவு கஷ்டப்பட்டுக் குறட்டை பழகினான். அது சரி, ஓரத்துல கையைக் கட்டிக்கிட்டு ஒரு ஆளு நின்னாரே, அவரு யாரு? போலீஸா?"

"அது நான்தான்" என்றேன்.

"அதான் எங்கேயோ பாத்த மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அவர்கள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கீழே போன பிறகு நான் நாற்காலியை ரெஜினா பக்கம் திருப்பினேன்.

"எனக்கு ஒண்ணும் புரியல டீச்சர். அவன் திருடன். நான் பறிகொடுத்தவன். எனக்கு யாரும் 'பாவம்'னு சொல்லலியே?"

"படத்துல யார் முகத்தை அதிகம் காட்டியிருக்கீங்க?"

"அவன் முகத்தை. அவனைத்தானே காட்டணும்? அவன் யோக்கியதை தெரிய வேண்டாமா?"

"உங்க முகத்தை?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடப் பக்கத்தில் காட்டவில்லை.

"யார் கூட ரொம்ப நேரம் இருக்காங்களோ, அவங்க பக்கம்தான் ஜனங்க சேருவாங்க" என்றார் ரெஜினா. "படம் அவரோடது ஆயிட்டு அண்ணாச்சி."

முதலில் குறட்டையைக் கொண்டுபோனான். இப்போது நான் எடுத்த படத்தையும் கொண்டுபோய்விட்டான். இத்தனைக்கும் அவன் இந்த ஊரிலேயே இல்லை.

"அப்ப அவனைக் காட்டாம அவன் திருடன்னு எப்படிச் சொல்லுதது?" என்று கேட்டேன்.

அவர் வேறொன்று கேட்டார்.

"அவர் உங்க காட்சியைச் செஞ்சதை முதல் தடவை எங்க வச்சுப் பாத்தீங்க?"

"அதை எதுக்கு இப்ப?"

"சும்மா கேட்டேன்."

"அது சிரிப்புக் கதை இல்ல டீச்சர். வயித்தெரிச்சல்."

"நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல வந்து சொல்லுங்க."

*

மறுநாள் சொன்னேன். எல்லோரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத கதை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும்.

"அம்பாசமுத்திரம் ரோட்டுல சண்முகையா சலூன். சவரம் பண்ணிக்கிட உக்காந்திருந்தேன். மூஞ்சி பூரா சோப்பு. எனக்குப் பின்னாடி, கண்ணாடியில தெரியாத ஒசரத்துல டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு எதிர்ல கண்ணாடி. சண்முகையா கத்தியைத் தொண்டைக்குழிக்கிட்ட வச்சிட்டான். அந்த நேரம் பாத்து எம் பின்னாடி டிவியில ஒரு குறட்டை."

பெண்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள்.

"ஒத்தக் குறட்டை. பிரேக் போடுத சத்தம். ரெட்டைக் குறட்டை. வண்டி எடுக்குத சத்தம். எனக்குச் சுருக்குன்னுது. இது எம் பொருளாச்சேன்னு திரும்பப் போனேன். 'ஆடாதீங்க அண்ணாச்சி, கழுத்து'ன்னுட்டான்."

மாரிக்கனி கையில் எடுத்த சோற்றை மறுபடி வாளியில் வைத்தாள்.

"அவனும் டிவியைப் பாத்துச் சிரிக்கான். சிரிச்சா கை ஆடுது. கை ஆடினா கத்தி ஆடுது. கத்தி எங்கழுத்துல இருக்கு. 'அது என்னுது'ன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். தொறந்த வாய்க்குள்ள சோப்பு போயிட்டு. 'மூடுங்க அண்ணாச்சி, மீசையோரம் வருது'ங்கான். கடையில இருக்குதவன் பூரா உருண்டு உருண்டு சிரிக்கான். நான் கண்ணாடியில என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு அப்படியே இருக்கேன்."

ஒருத்தி சிரித்துவிட்டாள். எனக்கு முகம் சிவந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"ஒருவழியா முடிஞ்சுது. சண்முகையா கண்ணைத் தொடைச்சிக்கிட்டு எம்மூஞ்சியைத் தொடைச்சான். என்ன சொன்னான் தெரியுமா? 'என்னா மூளை! நீங்களும்தான் இத்தனை வருசம் கண்டக்டரா இருந்தீங்க. இப்படி ஒண்ணு ஒங்களுக்குத் தோணுச்சா?'ங்கான்."

மாடி அதிர்ந்தது. மாரிக்கனி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்திக்குப் புரை ஏறிவிட்டது. ரெஜினாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்துவிட்டேன்.

"இதுல என்ன சிரிப்பு இருக்கு? ஒருத்தன் குடி கெட்டுப்போச்சு, உங்களுக்குச் சிரிப்பு!"

"அண்ணாச்சி, கோவிக்காதீங்க" என்றாள் மாரிக்கனி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தச் சவரக்காரனுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"என்ன சொல்ல? மீசையை லேசா ஒதுக்கச் சொன்னேன்."

அவ்வளவுதான். மறுபடி சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, "பாவம்யா நீங்க" என்றாள் மாரிக்கனி. அவள் கண் என் முகத்தில்தான் இருந்தது.

அந்த வார்த்தையை நான் கவனித்தேன். ரெஜினாவும் கவனித்தார்.

அவர்கள் கீழே இறங்கிப் போன பிறகு கேட்டேன்.

"அப்ப நான்தான் சிரிப்பா டீச்சர்? அவன் இல்லையா?"

ரெஜினா கேமராவை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"சண்முகையா சலூன் எப்பத் தொறக்கும்?" என்றார்.

*

படத்தில் பூவலிங்கம் கிடையாது. டிவியும் கிடையாது. கண்ணாடியில் என் முகம் மட்டும்தான். சத்தம் பின்னாலிருந்து வரும். சண்முகையாவே சவரக்காரராக நடித்தார். தான் அன்று அப்படிச் சொன்னதே அவருக்கு நினைவில்லை. "நான் போயி ஒங்களை அப்படிச் சொல்லுவேனா?" என்று படப்பிடிப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மறக்கவில்லை என்றேன்.

முதல் முறை நடித்தபோது நான் கோபமாக முறைத்தேன். ரெஜினா நிறுத்தச் சொன்னார்.

"அன்னைக்கு முறைச்சீங்களா?"

"கழுத்துல கத்தி இருக்கும்போது எங்க முறைக்க?"

"அப்ப இப்பவும் முறைக்காதீங்க. கழுத்து வெட்டுப்படாம இருக்கணும். அது ஒண்ணுதான் உங்க வேலை."

கேமரா நகரவில்லை. எனக்கு ஏணிக்காரன் ஞாபகம் வந்தது. அவன் படத்தை எடுத்தவர் யாரோ, எந்த நாட்டுக்காரரோ. இது அவர் செய்த வேலைதான் என்பது எனக்குத் தெரிந்தது. பையில் இருந்த விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஆடாமல் உட்கார்ந்தேன்.

*

பொன்விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பூவலிங்கம் காரில் வந்து இறங்கினான். தலைக்கு மை அடித்திருந்தான். மாலை போட்டார்கள். முன்வரிசையில் சோபாவில் உட்காரவைத்தார்கள்.

என் படத்தைப் போட்டார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் சுவரோரமாக, கூட்டத்தைப் பார்த்து நின்றேன். பழக்கம்.

சலூன் வந்தது. சோப்பு வந்தது. முதல் குறட்டை கேட்டது. என்னோடு வேலை பார்த்த பழைய ஆட்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. அவர்களுக்குத் தெரியும். இரட்டைக் குறட்டை வந்தபோது சிரிப்பு ஆரம்பித்தது. பிறகு நிற்கவில்லை. சண்முகையா அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னபோது பின்வரிசைக்காரர்கள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

நான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது பூவலிங்கத்தின் முகத்தை. முதல் குறட்டைக்கு அவன் நிமிர்ந்தான். பிறகு சிரித்தான். எல்லோரும் சிரித்த பிறகு சிரித்தான். கடைசியில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்தது கண்ணீரா வியர்வையா என்று அவ்வளவு பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியவில்லை.

அவன் மைக்கில் பேசினான். சங்கத்தைப் புகழ்ந்தான். டிரைவர் வேலையின் கஷ்டத்தைச் சொன்னான். என் படத்தை அருமை என்றான். அந்த ஒரு வரி வரும் வரும் என்று நின்றேன். வரவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தேடி வந்தான். கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னவே ஆவுடை! பெரிய வேலை பண்ணிட்டேரே!"

"பாத்தேரா?"

"பாக்காம? அந்தச் சலூன் சீனை எனக்குத் தாரும்வே. தீபாவளி நிகழ்ச்சிக்கு வச்சுக்கிடுதேன். உம்ம பேரையும் போடச் சொல்லுதேன்."

"இதுக்குப் போடுவேரு. அதுக்கு?"

"எதுக்கு?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை. மறந்துவிட்டானா, மறந்த மாதிரி இருக்கிறானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டு போனார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது.

"கேமராவை எங்க வைப்பேரு?"

"எங்க வைக்க? டிவியில குறட்டை விடுதவன் மேலதான். அதை நான் பண்ணுதேன். சவரத்துக்கு உக்காந்திருக்குதவனுக்கு யாராச்சும் சின்ன ஆர்ட்டிஸ்ட்டைப் போட்டுக்கிடலாம்."

ஏணிக்காரனின் சாப்பாட்டைத் தின்ற ஆடு எனக்கு ஞாபகம் வந்தது.

"சரி, எடுத்துக்கிடும்" என்றேன்.

அவனுக்கு ரொம்பச் சந்தோஷம். என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மண்டபத்துக்கு வெளியே ரெஜினா கேமராப் பையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தார். மாரிக்கனியும் வந்திருந்தாள்.

"மண்டபமே விழுந்து விழுந்து சிரிக்குது. இவரு என்னடான்னா ஒத்த மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காரு" என்று அவள் ரெஜினாவிடம் புகார் சொன்னாள்.

"சலூன் சீனைக் கேட்டான். குடுத்துட்டேன்" என்றேன்.

ரெஜினா நிமிர்ந்து பார்த்தார். "குடுத்துட்டீங்களா?"

"கேமராவை அவன் பக்கம் வைக்கப் போறானாம்."

ரெஜினா சிரித்தார். அவர் சிரித்து நான் நேராகப் பார்த்தது அன்றுதான்.

"ஆனா பழசைச் சொல்லல டீச்சர். எதுக்குன்னு கேக்கான். எனக்கு வர வேண்டியது அப்படியேதான் நிக்கு. இத்தனை பேர் சிரிச்சும் வரல. அதை அவன்கிட்டயிருந்து எப்படித்தான் வாங்குதது?"

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். மாரிக்கனி பின்னால் ஏறினாள்.

"வாங்கிறாதீங்க அண்ணாச்சி" என்றார். "வாங்கிட்டா அடுத்த படத்துக்கு எங்க போவீங்க?"